'கருவாடு' என்று எங்கே எழுதியிருக்கிறது?

மண்டபம் கடைத்தெருவில் என் தகப்பனார் தொடங்கிய மளிகைக் கடையை நான் நடத்தத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் முதல் நைலான் கயிறு, தூண்டில் முள் வரை எல்லாம் விற்கும் கடை. ஐஸ்கிரீமுக்காக வாங்கிப் போட்டிருந்த குளிர்பெட்டியில் 2025 மார்ச்சில் ஆறு பொட்டலங்கள் வந்து அமர்ந்தன. இராமநாதபுரத்திலிருந்து சரக்குப் போட வரும் இளைஞர், "வித்தா காசு குடுங்க அண்ணாச்சி, விக்கலைன்னா நானே திருப்பி எடுத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். பொன்னிறமாகப் பொரித்த கோழித்துண்டின் படமும், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'சிக்கன்' என்ற சொல்லும், அந்தச் சொல்லுக்கு முன்னால் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் 'பிளான்ட் பேஸ்ட்' (தாவரத்திலிருந்து செய்தது) என்பதும், மூலையில் சைவ உணவுக்குரிய பச்சைப் புள்ளியும் அந்தப் பொட்டலத்தில் இருந்தன. 250 கிராமின் விலை 325 ரூபாய். அன்றைக்கு எதிர்க்கடையில் பிராய்லர் கோழி கிலோ 220 ரூபாய்க்கு விற்றது.

அந்த மார்ச் மாதத்தில் ரமலான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சேர்ந்து வந்திருந்தன. ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனுக்கு யானை விலை சொல்வார்கள். ஆகவே எதைத் தின்னலாம், எதை விடலாம், விட்டதற்கு ஈடாக எதை வாங்கலாம் என்ற பேச்சு எங்கள் கடை வாசலில் அந்த நாட்களில் ஓயாமல் நடந்தது. அப்படிப்பட்ட வேளையில் வந்து சேர்ந்ததால், ஆறு பொட்டலமும் விற்காமலே ஊர் முழுவதும் பேர் வாங்கிவிட்டன.

முதலில் எடுத்துப் பார்த்தவர் வேதாளையிலிருந்து வாரம் ஒருமுறை சாமான் வாங்க வரும் லாத்தா. "இதுல கோழி இருக்கா, இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அறுத்தது யாருன்னு கேக்க வேண்டியதில்ல. உள்ள என்னதான் இருக்கு?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துச் சொன்னேன்: சோயாப் புரதம், பட்டாணிப் புரதம், கோதுமைப் பசையம், தேங்காய் எண்ணெய், மெத்தில் செல்லுலோஸ், 407 என்று எண் மட்டும் போட்ட ஒரு கெட்டிப்படுத்தி, இயற்கைச் சுவையூட்டிகள். "சுவையூட்டி எதுலேர்ந்து எடுத்தது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடமும் பதில் இல்லை, பொட்டலத்திலும் இல்லை. நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய பச்சரிசியும் பாசிப்பருப்பும் வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டது வீண் சந்தேகம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990 இல் தன் உருளைக்கிழங்கு வறுவலை இனி முழுக்கத் தாவர எண்ணெயிலேயே பொரிக்கப்போவதாக அறிவித்தது. சைவர்கள் பலரும் அதை நம்பிப் பத்தாண்டுக்கு மேல் சாப்பிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த 'இயற்கைச் சுவையூட்டி' என்பது மாட்டிறைச்சியிலிருந்து பெறப்பட்டது என்று பிற்பாடு தெரியவந்தபோது, சியாட்டில் நகரத்து வழக்கறிஞர் ஹரிஷ் பார்தி 2001 இல் வழக்குத் தொடுத்தார். 2002 இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மாடும் இயற்கையில் உள்ளதுதானே என்று வாதாடினால் அந்தச் சொல்லில் குற்றம் காண முடியாது. வேதாளை லாத்தாவின் கேள்விக்கு நேரான பதிலை அந்தச் சொல் தராது என்பதுதான் சிக்கல்.

இரண்டாவதாக, எங்கள் தெருவிலேயே இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்து அக்கா. உயிர்ப்பு ஞாயிறு வரை அவர்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். "இது கறிக் கணக்குல சேருமா, காய்க் கணக்குல சேருமா?" என்று கேட்டுவிட்டு, கோயிலில் சாமியாரிடமே விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். கறி ஆசையை விடுவதுதான் ஒறுத்தல், ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு கறியை மட்டும் விடுவதால் என்ன பயன் என்று சாமியார் கேட்டாராம். "அதுக்குப் பேசாம மீனே தின்னுட்டுப் போலாம், மீனுக்குத்தான் தடையே இல்லையே" என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, அரைக் கிலோ சேனைக்கிழங்கு வாங்கினார்.

மூன்றாமவர் இராமேசுவரத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற, தலைமுறை தலைமுறையாகச் சைவமான பெரியவர். பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "பச்சைப் புள்ளி போட்டுட்டா ஆச்சா? படத்தைப் பாத்தாலே குமட்டுதே. கோழி மாதிரி இருக்கிறதுதான் இதோட பெருமைன்னா, அது எனக்கு எதுக்கு?" என்றார். கோழி தின்பவருக்குக் கோழி இருக்கிறது, தின்னாதவருக்கு அதன் ஞாபகமே வேண்டாம் என்றால் இந்தச் சரக்கை யாருக்காகத்தான் செய்கிறார்கள் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. சரக்குப் போட்ட இளைஞரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். கறியைக் குறைக்க நினைப்பவர்களுக்காக என்றார் அவர். எங்கள் ஊரில் கறியைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வருவதற்கு முந்தைய வாரத்தில்தான் அப்படி நினைப்பார்கள். அந்த வாரத்தில் அவர்கள் கையில் 325 ரூபாய் இருக்காது.

நான்காவதாகப் பேசியவர் என் கடை வாசலில் ஓரமாகச் சாக்கு விரித்துக் கருவாடு விற்கும் ஆத்தா. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே வரும். கணக்கு மட்டும் மின்னலாக வரும். 250 கிராம் 325 ரூபாய் என்றால் கிலோ 1,300 ரூபாய், அது கோழி விலையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு என்று நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். பிறகு கேட்டார்: "கோழியைப் போடாம விட்டதுக்கா இம்புட்டுக் காசு?"

இந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. நான் விற்கும் சரக்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இதே கேள்வியைக் கொண்டு அளக்கலாம் என்று பிற்பாடுதான் உணர்ந்தேன்.

ஒரு பொட்டலத்தை நானே காசு கொடுத்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். முண்டு மிளகாய் அரைத்து, இஞ்சி பூண்டு சேர்த்து, வழக்கமான வறுவல் செய்முறையில் என் மனைவி செய்து வைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அது மோசமாக இல்லை. நார் நாராகப் பிரிந்தது, மென்றால் சற்று எதிர்த்துக் கொடுத்தது, மசாலாவை நன்றாகவே இழுத்திருந்தது. எண்பது வயதான என் தாயார் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "மீல் மேக்கரைத்தான் நல்லா அடிச்சுத் துவைச்சு வச்சிருக்கான்" என்றார். தொழில்நுட்பத்தைப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி. சோயாவிலிருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் கொழுப்பு நீங்கிய மாவைத் தண்ணீரோடு குழைத்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் திருகுத்தண்டு உள்ள எந்திரத்துக்குள் தள்ளினால், வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று விடுபட்டு அது பஞ்சு போல உப்பிக்கொள்கிறது. அதுதான் நாம் மீல் மேக்கர் என்று சொல்லும் உருண்டை. புதிய சரக்கில் மாவு ஈரம் கூடுதலாகச் செல்கிறது. வெளியேறும் வழியிலேயே குளிரவைப்பதால் உப்பாமல் நாராக இறுகுகிறது. கோழிக்கொழுப்பின் இடத்தைத் தேங்காய் எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. மெத்தில் செல்லுலோஸ் என்பது சுடும்போது இறுகி ஆறும்போது இளகும் விந்தையான பசை. சட்டியில் துண்டு உதிராமல் பிடித்துவைப்பது அதுதான்.

மீல் மேக்கர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாமிசத்துக்கு மாற்று என்று பெரிய நகரங்களில் இன்றைக்கு விழா எடுக்கும் பொருளின் பாட்டன் அது. 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இதற்கான செய்முறையை உருவாக்கி விற்கத் தொடங்கியது. அது எந்த ஆரவாரமும் இல்லாமல் எங்கள் குருமாவுக்குள்ளும் பிரியாணிக்குள்ளும் நுழைந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதை யாரும் சோயா என்றுகூடச் சொல்வதில்லை, ஒரு வணிகப் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் கடைக்கு வந்தால் அதையே 'சோயா மீட்' என்று கேட்பார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் கடல்தான். அந்தக் கரையில் பெயரிலேயே இறைச்சி இருக்கிறது, இந்தக் கரையில் இல்லை, பண்டம் ஒன்றேதான். பெயரில் இறைச்சி இருக்கிறது என்பதற்காக அங்கே ஒருவரும் ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 100 கிராம் பொட்டலம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், குழம்பில் போட்டால் வயிறு நிறையும், பிள்ளைகள் மறுக்காமல் தின்னும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு கருத்தும் சொல்வதில்லை என்பதே அது வென்றுவிட்டதற்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதன் பொட்டலத்திலும் இப்போது சொற்கள் ஏறத் தொடங்கிவிட்டன. 100 கிராமில் 52 கிராம் புரதம், ஆட்டுக்கறியைவிட இரண்டு மடங்கு என்ற வகையில் விளம்பரம் செய்கிறார்கள். 52 என்ற எண் பொய்யன்று, அது உலர்ந்த உருண்டையின் கணக்கு. ஒருநாள் மதியம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது 50 கிராமை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 150 கிராம் நின்றது. அதாவது தட்டில் விழும் 100 கிராமில் இருப்பது 17 கிராம் அளவுக்குத்தான் வரும். ஆட்டுக்கறியிலும் மீனிலும் இருப்பதும் அதை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோதான். நல்ல உணவுதான், தண்ணீர் போகக் காய்ந்த பொருளைத் தண்ணீரோடு இருக்கும் பொருளுடன் ஒப்பிடுவதுதான் கள்ளத்தராசு.

போலச் செய்து தின்பது நமக்குப் புதிதில்லை. அமாவாசையன்று எங்கள் வீட்டில் வாழைக்காயைச் சாய்வாக நறுக்கி மீன் மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டு எடுப்பார்கள். வாசனை தெருவுக்கு வந்ததும் பூனை வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுப் புளிக்குழம்பில் விட்டால் சைவ மீன் குழம்பு. கொல்லிமலையில் பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கை முடவாட்டுக்கால் என்று பெயரிட்டு, சைவ ஆட்டுக்கால் சூப் என்று மலையடிவாரத்தில் குவளை குவளையாக விற்கிறார்கள். இவற்றில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 'சைவ' என்ற முன்னொட்டைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது, சொல்பவரும் ஒரு புன்னகையோடுதான் சொல்கிறார்.

'கறி' என்ற சொல்லே ஊர் மாறி ஊர் வந்த சொல்தான். சங்க காலத்தில் அது மிளகைக் குறித்தது. இன்று 'கறி எடுக்கணும்' என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால் ஆட்டுக்கறி என்று பொருள். அவரே மறுநிமிடம் 'காய்கறி வாங்கணும்' என்பார், இரண்டும் அவருக்கு முட்டிக்கொள்வதில்லை. முகாமிலிருந்து வரும் பெண்கள் காய்கறியை 'மரக்கறி' என்பார்கள். தாவர இறைச்சி என்று புதிதாகச் சொல் கண்டுபிடிக்கிறவர்கள் அந்த அழகான சொல்லைக் கேட்டதில்லை போலும்.

இந்தப் பெயர்ச் சண்டை ஐரோப்பாவில் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், தாவரத்திலிருந்து செய்த பொருளைப் பால், வெண்ணெய், சீஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விதிவிலக்குப் பட்டியலில் தேங்காய்ப்பாலுக்கு இடம் இருந்தது. 2020 இல் சைவ பர்கர் என்ற பெயரைத் தடைசெய்யும் யோசனையை நிராகரித்த ஐரோப்பிய நாடாளுமன்றம், 2025 அக்டோபரில் அப்படிப்பட்ட தடைக்கு ஆதரவாக வாக்களித்தது. நம் நாட்டிலும் 2021 இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சோயா, பாதாம் முதலியவற்றின் பானங்களைப் 'பால்' என்று இணையத்தில் விற்பதை நீக்கச் சொன்னது. இங்கும் தேங்காய்ப்பால் தப்பித்தது. தேங்காயைத் துருவிப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால் என்று எடுக்கிற கீழக்கரைப் பெண்களிடம் போய் அதற்கு வேறு பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மக்கள் காலம்காலமாகப் புழங்கிய பெயரைச் சட்டம் விட்டுவைப்பது நியாயம். புதிய பெயர்களின் கதை வேறு, அவை புழக்கத்தில் பிறந்தவை அல்ல.

ஆத்தாவின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருநாள் என் கடையின் அடுக்குகளைப் பார்த்தேன். கடலை எண்ணெய் உறையில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருக்கிறது. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருளில் இருப்பது. கடலையில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் தகப்பனார் டின்னிலிருந்து அளந்து ஊற்றிய எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லைதான், அவர் அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அரிசிப் பொட்டலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ', அதாவது கோதுமைப் பசையம் இல்லாதது என்று இருக்கிறது. பழச்சாற்றுப் பெட்டியில் '100 சதவீதம் பழச்சாறு' என்று எழுதக் கூடாது என 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்ட பிறகு அந்த வரி மட்டும் மறைந்தது. பெட்டியும் படமும் விலையும் அப்படியே இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாலின் புரத வகையைக் கொண்டு பாலையும் நெய்யையும் 'ஏ1', 'ஏ2' என்று பிரித்துச் சொல்வதை உறைகளிலிருந்து நீக்க வேண்டும் என்று 21ஆம் தேதி அறிவித்து, ஐந்தே நாளில் 26ஆம் தேதி அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நல்லவேளை, அந்த ஐந்து நாளில் என் கடையில் நெய் தீர்ந்திருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஆம் ஆண்டின் விளம்பர விதிகளின்படி 'இயற்கையான' என்ற சொல்லை, எதுவும் கலக்காத ஒற்றைப் பொருளுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். அந்த விதியை உள்ளபடி கடைப்பிடித்தால் என் கடையில் அந்தச் சொல்லுக்கு உரியவை புளி, மிளகு, மல்லி, வாலிநோக்கம் பக்கமிருந்து வரும் கல்லுப்பு போன்ற சிலவாகத்தான் இருக்கும். அவற்றின் மேல் அந்தச் சொல்லை யாரும் எழுதுவதில்லை.

இந்த இடத்தில் என் தங்கை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். மே மாதம் விடுமுறைக்கு வந்தவன், கடை வாசலில் கருவாட்டு ஆத்தாவுக்கு வியாபாரம் டல்லடிப்பதைப் பார்த்துவிட்டு, "இருங்க ஆத்தா, நான் ஒரு போர்டு எழுதித் தர்றேன்" என்று ஒரு அட்டையை எடுத்துச் சாயப் பேனாவால் எழுதினான்: 'வெயிலில் உலர்ந்தது. கடலில் சுதந்திரமாகத் திரிந்தது. ஹை புரோட்டீன். லோ கார்ப். குளூட்டன் ஃப்ரீ. சர்க்கரை சேர்க்கப்படாதது. ஒமேகா 3 நிறைந்தது. செயற்கை நிறமிகள் அற்றது.' நான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நெத்திலிக் கருவாட்டின் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான், மற்றவையும் உண்மைதான். ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. உப்பைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கவில்லை, கேட்டதற்கு, "மாமா, இருக்கிறதை எல்லாம் எழுத முடியுமா?" என்றான்.

இராமேசுவரத்துக்குக் காரில் போகும் வெளியூர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் வண்டியை நிறுத்தி அட்டையைப் புகைப்படம் எடுத்தார்கள். ஒருவர் கால் கிலோ வாங்கவும் செய்தார். உள்ளூர்க்காரர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு ஆத்தா புதிதாக ஏதோ மருந்து விற்பதாக நினைத்துக் கடந்துபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆத்தா எழுத்துக் கூட்டி முழு அட்டையையும் வாசித்து முடித்தார். வாசித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரிதான். கருவாடுன்னு எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. எட்டு வரியில் ஓரிடத்திலும் அந்தச் சொல் இல்லை. என் மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் அவன் முகத்தில் ஒரு தொழில்முறைச் சங்கடமும் தெரிந்தது. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'நெத்திலி, சூடை, திருக்கை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். அது மழையில் கரையும்வரை அங்கேயே இருந்தது.

சொற்களை நம்பிப் பணம் போட்டவர்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்திருக்கிறது. தாவர பர்கர் செய்யும் அமெரிக்க நிறுவனமான பியாண்ட் மீட், 2019 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 25 டாலர். முதல் நாள் மாலையே அது 65 டாலரைத் தாண்டியது, ஜூலையில் 230ஐத் தாண்டியது. 2023 முடியும்போது பத்து டாலருக்குக் கீழே கிடந்தது. காரணங்கள் பல சொல்கிறார்கள். விலை, சுவை, நீளமான மூலப்பொருள் பட்டியலைக் கண்டு மிரண்டவர்கள் என்று நீட்டிக்கொண்டு போகிறார்கள். முதல்முறை ஆவலில் வாங்கியவர்கள் இரண்டாம் முறை வாங்கவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பொதுவாக எனக்குப் படுகிறது. மளிகைக்கடைக்காரனுக்கு அந்த இரண்டாம் முறைதான் வியாபாரம்.

கோழியில்லாத கோழிக்கு அடுத்தபடியாக, வெட்டாத இறைச்சி வந்துகொண்டிருக்கிறது. 2013 ஆகஸ்டில் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட், மாட்டின் திசுவணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் செய்த பர்கரை லண்டனில் சமைத்துக் காட்டினார்; ஒரு பர்கருக்கான செலவு ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் இத்தகைய கோழியிறைச்சியின் விற்பனைக்கு முதன்முதலாக அனுமதி தந்தது. இத்தாலி 2023 இல் தடைபோட்டது. எங்கள் ஊருக்கும் இதில் ஒரு உறவு உண்டு. 1971 வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து பிறகு கொச்சிக்கு மாறிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ஆய்வுக்கூடத்தில் மீன் இறைச்சியை வளர்க்கும் முயற்சிக்காக 2024 ஜனவரியில் தனியார் நிறுவனம் ஒன்றுடன் கைகோத்தது. அந்தச் செய்தியைக் கடை வாசலில் வாசித்தபோது வலை பின்னிக்கொண்டிருந்த விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: "நல்லதுதான் அண்ணாச்சி. அந்த மீனைப் பிடிக்க டோக்கன் வாங்க வேணாம். இலங்கை நேவிக்காரனும் வரமாட்டான்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய தம்பி அப்போது யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தார்.

ஜூன் மாதம் சரக்குப் போட்ட இளைஞர் வந்து மீதியை எடுத்துக்கொண்டு போனார். ஆறில் ஒன்றை நான் எடுத்திருந்தேன், ஒன்றை மண்டபத்தில் தங்கியிருந்த வெளியூர் ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கிப்போனார்கள், நான்கு திரும்பிப்போயின. அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவரும் அதைச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

திருப்பிக் கொடுப்பதற்கு முதல்நாள்தான் அந்த 407 என்ற எண் என்னவென்று தேடிப் பார்த்தேன். அது கராஜீனன், சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் பசை. அதற்கு முந்தைய 406 என்ற எண், ரமலானில் கீழக்கரையிலும் வேதாளையிலும் நோன்பு திறக்கும்போது பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போட்டு வைக்கும் அதே கடல்பாசி, அகர். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அகருக்குப் போகின்றன; பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து அவற்றைப் பறித்து வருகிறார்கள். கராஜீனன் தரும் பாசி இங்கே மூங்கில் தெப்பங்களில் கட்டி நாற்பத்தைந்து நாளில் வளர்த்து எடுப்பது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் அந்தப் பயிரை இங்கே கொண்டுவந்ததால் 'பெப்சி பாசி' என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாவரப்பால், தாவர சீஸ், தாவர இறைச்சி என்று உலகத்து உறைகளில் பச்சை எழுத்தில் வருகிறவற்றைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்துவதில் இந்தப் பாசிக்கும் பங்குண்டு. உறையில் அது வெறும் 407.

பாசித் தெப்பம் போடும் பெண் ஒருவர் அன்று சாயங்காலம் கடைக்கு வந்திருந்தார். பொட்டலத்தைத் திருப்பி அந்த எண்ணைக் காட்டி, நீங்கள் வளர்க்கிற பாசிதான் இதற்குள் இருக்கிறது, இந்தக் கரையில் விளைந்ததாகவே கூட இருக்கலாம் என்று சொன்னேன். அவர் பொட்டலத்தை வாங்கி முன்பக்கம் திருப்பிக் கோழிப் படத்தைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"இது கிலோ ஆயிரத்து முந்நூறா? எங்ககிட்ட காஞ்ச பாசி என்ன வெலைக்கு எடுக்குறான் தெரியுமாண்ணே?"

பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, 100 கிராம் மீல் மேக்கரும் அரைக் கிலோ வெங்காயமும் வாங்கிக்கொண்டு போனார்.